மொஞ்சுவுக்கு மூன்று அப்பா

"நான் ஏன் மூணாவதா வர்றேன்?"

போனில் பாட்லிவாலா இப்படிக் கேட்டபோது, எந்த வரிசையில் மூன்றாவது என்று அகல்யாவுக்குப் புரியவில்லை. ரேஷன் கடையா, ஆஸ்பத்திரியா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள்.

"முதல் பக்கம், பேட்டா. முதல் பக்கம், முதல் வரி."

அப்போதுதான் விளங்கியது. 'மொஞ்சுவை உருவாக்கியவர்கள் கோவிந்தராஜன், பட்வர்தன், பாட்லிவாலா.' கம்பெனியின் வரலாற்றை எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்த வரலாற்றின் முதல் வரி அது. அவள் யோசிக்காமல் எழுதிய ஒரே வரியும் அதுதான்.

மொஞ்சு ஒரு முள்ளம்பன்றி. ஊதா நிறம், தொப்பை, தொட்டால் குத்தாத முட்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் சின்னத் திரை செல்போனில் விளையாட்டாக ஆரம்பித்து, கார்ட்டூனாகி, பொம்மையாகி, இப்போது பிரேசிலில் ஏதோ ஒரு குழந்தையின் டிபன் டப்பாவிலும், போலந்தில் ஏதோ ஒரு குழந்தையின் போர்வையிலும் உட்கார்ந்திருக்கிறது. விளையாட்டைச் செய்தது கோவிந்தராஜனின் கம்பெனி. கார்ட்டூன் எடுத்தது பட்வர்தனின் கம்பெனி. பொம்மை செய்தது பாட்லிவாலாவின் கம்பெனி. மூன்றும் சேர்ந்து, ஆளுக்கு ஒரு பங்கு என்று போட்டு, மொஞ்சுவைக் கவனித்துக்கொள்வதற்கென்றே நான்காவதாக ஒரு கம்பெனியைப் புனேயில் தொடங்கின. அங்கே பாணேர் பகுதியில் அதற்குக் கண்ணாடிக் கட்டடம். அகல்யாவுக்கு வேலை அங்கேதான்.

இப்போது மூவருக்கும் வயதாகிவிட்டது. கம்பெனிகளை மகன்கள் நடத்துகிறார்கள். நடத்துகிறார்கள் என்பதைவிட, ஒருவர்மீது ஒருவர் வழக்கு நடத்துகிறார்கள் என்பது பொருத்தம். சினிமா உரிமை யாருக்கு என்று மூன்று பக்கமும் வக்கீல்.

கோயம்புத்தூரிலிருந்து வந்து எட்டு மாதம்கூட ஆகாத அகல்யா இன்னும் வேலையில் நிரந்தரமாகவில்லை. அவள் மேலதிகாரி சுஷ்மா, புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. அவள் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லியிருந்தாள். "இந்த புக் டைமுக்கு வந்தா நீ கன்ஃபர்ம். இல்லேன்னா, பாரு, நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"பேரை மாத்திப் போட்டுட்டாப் போச்சுங்க மேடம்," என்றாள் அகல்யா.

"போட முடியாது. மொஞ்சு பிறந்ததைப் பத்தி ஒரு வரி மாறணும்னாலும் மூணு பேரும் நேர்ல உட்காரணும். பழைய அக்ரிமென்ட். அவங்க மூணு பேர் மட்டும்தான் உள்ளே. வேற யாரும் கூடாது."

மூவரும் வந்தார்கள். ஊரின் இன்னொரு கோடியான லோஹேகாவிலிருந்து கோவிந்தராஜன், கூடவே கையில் டிபன் கேரியருடன் மனைவி மங்கையர்க்கரசி. பட்வர்தன் ஏதோ பொட்டலத்துடன். பாட்லிவாலா கைத்தடியுடன். ஒருவரை ஒருவர் பார்க்காமல் அறைக்குள் போனார்கள்; சாப்பாடு பரிமாற மங்கையர்க்கரசியை மட்டும் கூட விட்டார்கள். மூன்று வக்கீல்களும் வெளியே ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, தனித்தனியாகப் போனைப் பார்த்தார்கள்.

உள்ளே சத்தம் கிளம்பியது. மேஜையை யாரோ ஓங்கித் தட்டினார்கள். மராட்டியில் ஒரு கூச்சல், அதற்கு மேல் குஜராத்தியில் ஒரு கூச்சல். மாலையில் கதவு திறந்தபோது மூவரின் முகமும் சிவந்திருந்தது. பட்வர்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெரியவங்களை அழ வெச்சுட்டனே," என்று வீட்டில் புலம்பினாள்.

"இங்கிலீஷ் எழுத்து வரிசையில போட்டுடு. யாரும் கேக்க முடியாது," என்றான் கணவன் மனோஜ். கோந்த்வாவிலிருந்து தினம் இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் போய் வருகிறவனுக்கு எதற்கும் சுருக்குவழி தெரியும்.

'B'யில் தொடங்கும் பாட்லிவாலா முதலில் வந்தார், 'P'யில் தொடங்கும் பட்வர்தன் கடைசியில். பட்வர்தன் போன் செய்தார்.

"எழுத்து வரிசையா? என் பேர் அர்விந்த். ஏ எங்கே இருக்கு, பி எங்கே இருக்கு?"

மறுபடி கூட்டம். மறுபடி சத்தம். முதல் பெயரை வைத்து வரிசைப்படுத்தியதில் பட்வர்தன் மேலே போக, ருஸ்தம் பாட்லிவாலா பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

"மறுபடியும் மூணாவதா!"

வயது வரிசையில் போட்டுப் பார்த்தாள். பள்ளியில் சேர்ப்பதற்காக அப்பா தன் வயதில் ஒன்றைக் கூட்டிச் சொல்லிவிட்டதாகப் பட்வர்தன் சொன்னார். தனக்கு ஒன்றைக் குறைத்துவிட்டதாகக் கோவிந்தராஜன் சொன்னார். சாட்சி சொல்ல யாரும் உயிரோடு இல்லை. அதற்கும் ஒரு கூட்டம்.

பெயர்களே வேண்டாம், அவரவர் செய்ததைச் சொல்லிவிடலாம் என்று அகல்யா கவித்துவத்தில் இறங்கினாள். ஒருவர் விதை போட்டார், ஒருவர் நீர் ஊற்றினார், ஒருவர் நிழல் தந்தார் என்று எழுதி, தானே படித்து மகிழ்ந்து, அனுப்பிவைத்தாள்.

கோவிந்தராஜன் கூப்பிட்டார். "ஏம்மா, இது கம்பெனி வரலாறா, மரம் நடு விழாவா? நான் போட்ட விதைக்கு அவன் தண்ணி ஊத்தினானா? என்னிக்கு ஊத்தினான்? கூட்டத்தைக் கூட்டு!"

கடைசியில் வெறுத்துப்போய் ஒரு நாள் எழுதினாள்: 'மொஞ்சுவை யாரும் உருவாக்கவில்லை. அது தானாகவே பிறந்தது.'

இந்த முறை பெரியவர்கள் கூப்பிடவில்லை. வக்கீல்கள் கூப்பிட்டார்கள். மூவரும், ஒரே நேரத்தில். அந்த வழக்கில் அவர்கள் மூவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

சுஷ்மா ஓடி வந்தாள். "அகல்யா, என்ன எழுதி வெச்சிருக்கே! யாரும் பண்ணலேன்னா யாருக்கும் ரைட்ஸ் இல்லே! உலகத்துல எவன் வேணாலும் டிபன் டப்பா போடுவான்! எனக்கு இப்பவே மூணு நாட்டுலேர்ந்து மெயில் வந்தாச்சு!"

"இப்ப என்னங்க பண்றது?"

"இன்னும் ஒரு சான்ஸ். அடுத்த மீட்டிங்ல முடியலேன்னா புக் கிடையாது. உனக்கு நான் சொல்லவே வேண்டாம்."

அன்று அகல்யா தன் இடத்தில் உட்கார்ந்து, எதையும் எழுதாமல் நிறைய யோசித்தாள். இத்தனை நாளும் யார் முதலில், யார் பெரியவர் என்றுதான் பார்த்திருக்கிறாள். என்ன நடந்தது என்று அவர்களில் ஒருவரையும் கேட்டதில்லை. வரலாறு எழுதுகிறவள் அதைக் கேட்காமலே இத்தனை பக்கம் எழுதிவிட்டாள் என்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மூவருக்கும் தனித்தனியே போன் போட்டாள். மூவரும் சொன்னது ஒரே கதை. கடக்வாஸ்லா அணைக்கு இரண்டு ஸ்கூட்டரில் மூன்று பேர் போனார்கள். நல்ல மழை. பஜ்ஜிக் கடைத் தகரக் கூரையின் கீழ் ஒதுங்கினார்கள். மழை விடவில்லை. பஜ்ஜி தின்றுகொண்டே, நனைந்த தலைமுடி சிலிர்த்து நின்ற பாட்லிவாலாவைப் பார்த்து யாரோ முள்ளம்பன்றி என்றார்கள். யாரோ அதற்குத் தொப்பை வைத்தார்கள். யாரோ பேர் வைத்தார்கள். மழை விட்டபோது மொஞ்சு இருந்தது.

"தொப்பை வெச்சது யாருங்க சார்?"

"தெரியலேம்மா. எனக்கு மழைதான் ஞாபகம் இருக்கு," என்றார் கோவிந்தராஜன்.

மற்ற இருவரின் பதிலும் ஏறக்குறைய அதுவே.

அகல்யா ஒரே மூச்சில் எழுதினாள். 'ஒரு மழை நாளில், கடக்வாஸ்லாவில் மூன்று நண்பர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தச் சொல் யாருடையது என்று அவர்களுக்கே நினைவில்லை. அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது மொஞ்சு. அது மூவருக்கும் சேர்த்துச் சொந்தம்.'

வக்கீல்கள் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பதுபோலப் படித்தார்கள். மூவருக்கும் சேர்த்து என்பதில் யாருக்கும் லாபமில்லை, நஷ்டமுமில்லை. தலையாட்டினார்கள்.

கூட்டத்தில் பெரியவர்கள் முன் அந்தத் தாளை அவளே வைத்தாள். முதல் தடவையாக அவளையும் உள்ளே உட்காரச் சொன்னார்கள். மங்கையர்க்கரசி டிபன் கேரியரைத் திறக்கப் போனவர், கணவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கோவிந்தராஜன் படித்தார். பட்வர்தன் படித்தார். பாட்லிவாலா கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் தடவை படித்தார்.

அகல்யா பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கமா," என்றார் பட்வர்தன் மெல்ல.

"ஆமாம், கமா!" என்று பாட்லிவாலா நிமிர்ந்தார். "இந்தக் கமாவைப் பத்திப் பேசியே ஆகணும்!"

"எடுத்துடறேன் சார்," என்று அகல்யா பேனாவால் அடித்துவிட்டாள்.

பாட்லிவாலா மறுபடி நாற்காலியில் சாய்ந்தார். கோவிந்தராஜன் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். வெறும் வெள்ளை.

"சரியா இருக்கும்மா," என்றார். "ஒரு குறையும் இல்லே."

மூவரும் எழுந்தார்கள். கதவைத் திறந்து, வெளியே வக்கீல்கள் பார்த்திருக்க, ஏதோ வெளிநாட்டுத் தூதர்கள்போலக் கை குலுக்கிக்கொண்டார்கள். பட்வர்தன் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டார். பாட்லிவாலா லிஃப்ட் வரை போய், ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

சுஷ்மா அகல்யாவைக் கட்டிப்பிடித்தாள். "கிரேட்! இன்னிக்கே பிரஸ்ஸுக்கு அனுப்பிடறேன். நீ கன்ஃபர்ம்!"

அகல்யாவும் சிரித்தாள். ஆனால் ஏதோ உறுத்திற்று. ஜெயித்த இடத்தில் இழவு வீட்டு அமைதி எதற்கு? அவர்கள் கதையைத்தானே எழுதியிருக்கிறாள்? எழுத்தில் ஏதாவது புண்படுத்திவிட்டதா?

அறைக்குள் மங்கையர்க்கரசி மட்டும் திறக்காத டிபன் கேரியரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அகல்யா பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏனுங்கம்மா, ஐயாவுக்குப் பிடிக்கலீங்களா? தப்பா ஏதாவது எழுதிட்டனுங்களா?"

அந்த அம்மாள் வெளியே சோபாவிலிருந்து எழுந்துகொண்டிருந்த வக்கீல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தப்பே இல்லாம எழுதினதுதாம்மா தப்பு, கேஸ் முடியற வரைக்கும் கம்பெனி விஷயத்தைத் தவிர வேறெதுக்கும் மூணு பேரும் பார்த்துக்கக் கூடாதுன்னு பசங்க வக்கீலை வெச்சுக் கட்டிப் போட்டிருக்காங்க, இந்த ஒரு வரிச் சண்டையை வெச்சுத்தான் இவங்க வக்கீலுங்க காதுக்காக மேஜையைத் தட்டிக் கத்திட்டு, உள்ளே ஒண்ணா உட்கார்ந்து கண்ணுல தண்ணி வரச் சிரிச்சு, சாப்பிட்டுட்டு இருந்தாங்க, அதனால அச்சுக்குப் போறதுக்குள்ள எங்கேயாவது ஒரு தப்பை விட்டு வெச்சுடு தாயி!"