எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அம்மாவின் சம்மதம்

ஒரு வீட்டில் நாலு பேர் படித்திருந்தால் வாதம் நடக்கும். ஒருத்தி மட்டும் படித்திருந்தால் அறிவிப்பு மட்டும்தான் நடக்கும். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நான்.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் கப்பலுக்குப் பெயின்ட் அடிப்பவர். அம்மா ஒரு சாப்பாட்டுக் கடையில் தினமும் முந்நூறு இட்லி அவிப்பவர். பள்ளிக்கூடத்தை இருவரும் வெளியே நின்று பார்த்ததோடு சரி. நான் இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கிய நாளிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கடிதம், அப்பாவின் முட்டிவலி, பக்கத்து வீட்டுச் சலவை இயந்திரம் என எல்லா வழக்குகளும் என் முன்னால்தான் வந்து நின்றன. எதற்கும் நான் 'தெரியாது' என்று சொன்னதில்லை. (அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதற்குத்தானே நாலு வருடம் படித்தது?)

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு குரூசர் பைக் வாங்கினேன். பழையதுதான். தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி, முன்னால் காற்றைத் தடுக்க ஒரு கண்ணாடி, பின்னால் உட்காருபவருக்கு ஒரு சாண் கூடுதல் உயரத்தில் தனி இருக்கை. வாங்கி வந்த அன்று அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினார். நாலாம் நாள் பேசினார்.

"பொம்பளப் புள்ள பைக் ஓட்டக்கூடாதுன்னு நான் சொல்லல. எம்புள்ள ஓட்டக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

அப்பா நடுவில் புகுந்து ஒப்பந்தம் செய்துவைத்தார். இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அம்மா என் பின்னால் உட்கார்ந்து தேக்கா சந்தை வரை வருவார். அவருக்குச் சரியாகப் பட்டால் பைக் எனக்கு. இல்லையென்றால் மறுநாளே விற்றுவிட வேண்டும். மேல்முறையீடு கிடையாது.

எனக்கு ஒரே ஒரு கவலைதான். அந்த பைக் எழுபதைத் தாண்டினால் காற்று என் ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்கும். மாவு சலிக்கிற சல்லடைக்குள் தலையை விட்டது போல இருக்கும். விரைவுச்சாலையில் அம்மா அதைப் பார்த்தால் பைக் போய்விடும். இரண்டு வாரத்துக்குள் காற்றை அடக்கியாக வேண்டும்.

பட்டறை வைத்திருக்கும் ஹமீது அண்ணனிடம் போனேன். இருபது வருடமாகப் பைக்கோடு வாழ்பவர். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், கண்ணாடியின் உச்சியில் கிளம்பும் காற்று நேராக என் ஹெல்மெட்டில்தான் வந்து உடைகிறதாம். கண்ணாடியைக் கொஞ்சம் குறைத்து, அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, முன்சக்கரத்துக்கு மேலே பக்கவாட்டில் இரண்டு சின்னத் தகடுகள் வைத்தால் போதுமாம்.

கண்ணாடியைக் குறைப்பதா? காற்றுத் தடுப்பைக் குறைத்தால் காற்று எப்படிக் குறையும்? எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, எண்ணெய் டப்பா வந்த அட்டைப்பெட்டியின் மேல் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, இருபது நிமிடம் பாடம் நடத்தினேன். கண்ணாடி உயர உயரக் காற்று தலைக்கு மேலே போய்விடும். அடியில் இருக்கும் சின்ன இடுக்கையும் அடைத்துவிட்டால் உள்ளே ஒரு பொட்டுக் காற்று வராது. அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"படிச்சவங்க நீங்க சொன்னா சரிதான் லா."

அந்த 'லா'வில் மரியாதை இருப்பதாக நினைத்தேன். (இப்போது நினைத்தால் காது கூசுகிறது.)

சந்தையிலேயே மிக உயரமான கண்ணாடியை வரவழைத்தேன். அதைப் பூட்டியதும் பைக்குக்குத் தொலைபேசிக் கூண்டு முளைத்தது போல இருந்தது. அடி இடுக்கில் ரப்பர் பஞ்சை அடைத்தேன். தனியாக விரைவுச்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். அமைதி. நூலகத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற அமைதி. வீட்டுக்கு வந்து அப்பாவிடம், இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரைகூட எழுதலாம் என்று சொன்னேன். அப்பா எழுதச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா சுடிதார் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். ஓடும்போது பேச முடியாது. பிடியிலிருந்து கையையும் எடுக்கக் கூடாது. அதனால் சைகைகளை நானே வகுத்திருந்தேன். நன்றாக இருந்தால் என் ஹெல்மெட்டில் அவர் ஹெல்மெட்டால் லேசாக முட்ட வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் முழங்காலால் இடிக்க வேண்டும். அம்மா இரண்டையும் ஒருமுறை திருப்பிச் சொன்னார். அப்பா தீர்ப்பைக் கேட்க முன்கூட்டியே ரயிலேறிவிட்டார்.

உள்சாலையில் ஒன்றுமில்லை. விரைவுச்சாலையில் ஏறி அறுபதைத் தொட்டதும் பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு முட்டு. எனக்கு மனம் நிறைந்தது. எழுபதில் 'டொக் டொக்'. எண்பதில் தவில் தனி ஆவர்த்தனம். இவ்வளவு பாராட்டை அம்மா நான் பட்டம் வாங்கியபோதுகூடக் கொடுத்ததில்லை. நடுவில் முழங்கால் இரண்டு மூன்று தடவை இடித்தது. வசதியாகச் சாய்ந்து உட்காருகிறார் என்று எடுத்துக்கொண்டேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொட்டுக் காற்றும் இல்லாமல், பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே தேக்கா வந்து சேர்ந்தேன்.

சந்தைக்கு வெளியே அப்பா நின்றிருந்தார். அம்மா இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்ற நான்தான் உதவ வேண்டியிருந்தது. கொண்டை இருந்த இடத்தில் கொண்டை இல்லை. கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கமாக ஓடிக் காய்ந்திருந்தது. ஒரு காதுத்தோடு விரைவுச்சாலையின் எந்த வெளிவழியில் விழுந்ததோ தெரியவில்லை.

"எப்படி இருந்துச்சு? புடிச்சிருக்கா?" அப்பா கேட்டார்.

அம்மாவின் தலை மேலும் கீழும் ஆடியது.

"பாத்தியா, சரின்னு சொல்லிட்டா," என்று அப்பா என் முதுகில் தட்டினார். தலை ஆடிக்கொண்டே இருந்தது. அப்பாவின் கை நின்றது. அம்மா ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"யாராச்சும் என் தலைய நிறுத்துங்க."

மீன் வாங்க வந்த இருவர் நின்று பார்த்தார்கள். நான் என் வாழ்நாளின் மிக முட்டாள்தனமான வாக்கியத்தைச் சொன்னேன். "எனக்குக் காத்தே வரலியேம்மா."

"ஆமா. அது பூரா எனக்குத்தான வந்துச்சு."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இட்லி வெந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னார். என் படத்தில், அம்புக்குறிகளில், கணக்கில், எங்குமே பின்னிருக்கை இல்லை. கண்ணாடிக்கு மேலே ஏற்றி அனுப்பிய காற்று முழுவதும் என்னைவிட ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தில்தான் இறங்கியிருக்கிறது. அம்மாவும் அப்பாவும் ரயிலில் திரும்பினார்கள். போகும்போது அம்மா, நாளைக்கே விற்பனை விளம்பரம் போட்டுவிடும்படி நினைவூட்டினார்.

மறுநாள் பைக்கை ஹமீது அண்ணனிடம் கொண்டுபோனேன். விற்பதற்கு முன்னால் பழையபடி ஆக்கித் தரச் சொன்னேன். அவர் விஷயத்தைக் கேட்டார், சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு, "முதல்ல நீ பின்னால ஒக்காரு தங்கச்சி," என்றார்.

இரண்டு வெளிவழி தூரம்தான் போய் வந்தோம். திரும்பி வந்ததும் தண்ணீர் குடிக்க முயன்றேன். தலை ஆடியதில் பாதிப் புட்டி சட்டையில் போனது. அதற்குப் பிறகு அவர் கண்ணாடியை அறுக்கும்போது நான் அதை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். இடைவெளி விட்டார். தகடுகளைப் பொருத்தினார். மீண்டும் என்னைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டினார். முகத்தில் காற்று வந்தது. ஆனால் அடிக்காமல், உலுக்காமல், ஒரே சீராக வழிந்து போனது.

வீட்டில் போய், வாழ்க்கையில் முதல்முறையாக, எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று சொன்னேன். இன்னொரு தடவை உட்காரும்படி கேட்டேன். மேல்முறையீடு கிடையாது என்று அப்பா ஆரம்பித்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அம்மா தேக்காவில் இறங்கி, ஹெல்மெட்டைத் தானே கழற்றி, தலையைச் சற்றும் அசைக்காமல், வாயைத் திறந்து தெளிவாகச் சொன்னார்: "பரவால்ல. வச்சிக்க."

பைக் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் தலையாட்டுவது சம்மதமாகச் செல்லாது. எதுவாக இருந்தாலும் வாயால் சொல்ல வேண்டும். அப்பா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து தலையாட்டினால்கூட அம்மா விடுவதில்லை.

இந்த வருடம் என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார். நல்ல மாதிரி. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன், பைக் ஓட்டுவேன் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்பா சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தார். அம்மா காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், அவர் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியை நிறுத்தினார்.

"இப்பச் சொல்லுங்க தம்பி."