ஆம்பூர் பார்க்காத படம்

"தோஸ்த், நம்ம படத்த டிவியில போட்றாங்கடா! இன்னிக்கு மத்தியானம், லோக்கல் சேனல்ல!" என்று காசிநாதன் போனில் கத்தியபோது, தௌசீப் அகமது ஸ்டூல் மேல் நின்று கூடத்து ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தான். நல்ல வேளையாக விழவில்லை. விழுந்து காலை உடைத்துக்கொண்டிருந்தால் அன்றைய பொழுது இதைவிட நல்லபடியாகப் போயிருக்கும்.

அந்தப் படத்தை யாராவது பார்க்கமாட்டார்களா என்று மூன்று வருஷமாகத் தவித்தவன்தான் தௌசீப். இன்றைக்கு ஒரே ஒரு நாள் யாரும் பார்க்காமல் இருக்கவேண்டும் என்று நினைத்தான். ஊருக்கு அன்றைக்குத்தான் ரசனை வந்தது.

படத்தின் பெயர் 'வாடகைப் பட்டாளம்'. காசுக்குச் சண்டை போடும் இரண்டு கூலிப்படை வீரர்கள், ஆப்பிரிக்க சர்வாதிகாரி ஒருவனிடம் மாட்டிக்கொண்ட ஷூ டிசைனரை மீட்டு வருகிற சிரிப்புப் படம். வீரர்களில் ஒருவன் தௌசீப், இன்னொருவன் காசிநாதன். இரண்டு பேரும் ஆம்பூரில் ஒரே ஷூ ஃபேக்டரியில் வேலை. இவன் சாம்பிள் செக்‌ஷன், அவன் பேக்கிங். ஆப்பிரிக்காவுக்குப் போக வசதி இல்லாததால் பாலைவனமாகப் பாலாறு நடித்தது. பல வருஷமாகத் தண்ணீர் இல்லாமல் ஒத்திகை பார்த்த ஆறு, மற்ற நடிகர்களைவிட நன்றாகவே நடித்தது. சர்வாதிகாரியின் மாளிகை, மூடிக் கிடந்த ஒரு தோல் பதனிடும் டேனரி. அங்கே அடித்த நாற்றத்தில் வில்லனின் முகம் தானாகவே கோணிக்கொண்டது. டைரக்டர் கௌதம் அதை நடிப்பு என்று நம்பினான்.

கௌதம் திமிரி என்ற ஊர்க்காரன். ஆம்பூரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பிரியாணி மட்டும்தான். "அந்த மாசம் பெரிய படம் ஒண்ணும் வர்லடா, போட்டியே கெடையாது" என்று கண்டுபிடித்து, ரம்ஜான் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை படத்தை ரிலீஸ் செய்தான்.

"நோன்பு மாசம்டா, ஒருத்தனும் வரமாட்டான்" என்று தௌசீப் தலைப்பாடாக அடித்துக்கொண்டான்.

"பெருநாள் வரைக்கும் ஓட்டிட்டோம்னா போதும், அப்பறம் பாரு கூட்டத்த" என்றான் கௌதம்.

பெருநாள் வரை என்ன, படம் திங்கட்கிழமை வரைகூட ஓடவில்லை. ஊரில் பாதிப் பேர் பகலில் நோன்பு, இரவில் தொழுகை என்று தியேட்டர் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. பாதி ஊர் போகாத படத்துக்கு நாம் மட்டும் ஏன் போகவேண்டும் என்று மீதிப் பாதியும் இருந்துவிட்டது.

ஆனால் தௌசீபின் வாழ்க்கையில் அந்தப் படம் சக்கைப்போடு போட்டது. பெண் பார்த்த இடத்திலெல்லாம் "பையன் சினிமாவுல நடிச்சவனாமே" என்று ஆரம்பித்து, டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள். நடித்ததை ஊர் மறக்கவில்லை. பார்க்கத்தான் மறந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் பேரணாம்பட்டு தோல் வியாபாரி அப்துல் கஃபார் வீட்டுச் சம்பந்தம் வந்தது. பெண் முபஷ்ஷிரா, வாணியம்பாடியில் பள்ளிக்கூட டீச்சர். எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க ஐந்து நிமிஷம் பேசினார்கள். "கல்யாணத்துக்கப்பறம் நான் வேலைக்குப் போவேன், சமையல்ல நான் கொஞ்சம் கம்மி" என்றாள் அவள். "எனக்குப் பரோட்டா வரைக்கும் வரும்" என்றான் இவன். அவள் சிரித்தாள். அன்றிலிருந்து தௌசீபுக்குச் சாம்பிள் செக்‌ஷனில் இடது கால் ஷூவுக்கும் வலது கால் ஷூவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவளைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள முடியாது என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். "கஃபார் பாய்க்கு சினிமான்னா ஆகாது. சொந்தக்காரங்க கல்யாணத்துல வீடியோ எடுக்க வந்தவனையே வெளிய அனுப்புன ஆளு" என்று தரகர் எச்சரித்திருந்தார். படத்தைப் பற்றி இந்தப் பக்கம் யாரும் மூச்சுவிடவில்லை. ஃபேக்டரிக்கு வார லீவு வெள்ளிக்கிழமை என்பதால் அன்றைக்கே, ஜும்மா தொழுகை முடிந்து தேதி குறிக்க வருவதாக ஏற்பாடு. கேபிள்காரர் துரைசாமியும் அதே வெள்ளிக்கிழமையைத்தான் பிடித்தார். ஊரே பிரியாணி தின்றுவிட்டு டிவி முன்னால் சாய்ந்திருக்கும் நேரம்.

தௌசீப் துரைசாமிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, அந்தப் படத்த இன்னிக்குப் போடாதீங்க. கையெடுத்துக் கும்புட்றேன்."

"ஏன் தம்பி?"

"வேணாம்ணே. பேஜாராப் போயிடும்."

துரைசாமி கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையில் அவரிடம் அன்றைக்குப் போட வேறு படம் இல்லை, அதனால்தான் இதைப் போட நினைத்திருந்தார். நடித்தவனே வேண்டாம் என்று கெஞ்சுகிறான் என்றால் படத்தில் ஏதோ விஷயம் இருக்கவேண்டும் என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பத்தாவது நிமிஷம் டிவியின் அடியில் எழுத்து ஓட ஆரம்பித்தது: 'ஆம்பூரின் தங்க மகன் தௌசீப் அகமது நடித்து, சிலர் தடுக்க நினைக்கும் பரபரப்புத் திரைப்படம், இன்று மூன்று மணிக்கு, காணத் தவறாதீர்கள்!'

"யா அல்லாஹ்" என்றாள் தௌசீபின் அக்கா ஹீனா. பெற்றோர் இல்லாத வீட்டில் அவள்தான் எல்லாம். "உன்னை யாருடா அவருக்குப் போன் பண்ணச் சொன்னது?"

"நீதான் ஆபா சொன்ன."

"நான் சொன்னா யோசிக்க மாட்டியா?"

அடுத்த யோசனையும் அவளுடையதுதான். காசிநாதனை நேரில் அனுப்பி, துரைசாமியிடம் பக்குவமாகப் பேச வைப்பது. இன்னொரு நாயகனே போய்க் கேட்டால் மனுஷன் இறங்கி வருவார் அல்லவா? அந்த இன்னொரு நாயகன் மூன்று வருஷமாக இந்த நாளுக்காகக் காத்திருக்கிறான் என்பதை அக்கா தம்பி இருவருமே மறந்துவிட்டார்கள்.

"நீ கவலய வுடு தோஸ்த், நான் பாத்துக்கறேன்" என்றான் காசிநாதன். குரலில் கவலை இல்லாததைத் தௌசீப் கவனித்திருக்க வேண்டும்.

மூன்றாவது யோசனை தௌசீபுடையது. டிவி இருந்தால்தானே பிரச்சினை? சுவரிலிருந்து கழற்றிப் பக்கத்து வீட்டுச் சுந்தரி அக்காவிடம் தூக்கிக்கொண்டு போனான்.

"இன்னாப்பா, ரிப்பேரா?"

"இல்லக்கா, வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க. எடம் பத்தல. சாயங்காலம் எடுத்துக்கறேன்."

"எங்க டிவியும் சின்னது. நான் இதப் போட்டுப் பாக்கட்டா?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் தெருமுனையில் கார் வந்து நின்றது.

அப்துல் கஃபார் வெள்ளை ஜிப்பாவில், மீசையில்லாத பெரிய முகத்தோடு இறங்கினார். பின்னால் அவர் மனைவி முனவ்வர் பேகம் மிட்டாய்ப் பெட்டியோடு இறங்கினார். அந்த அம்மாள் பேசி யாரும் கேட்டதில்லை என்று தரகர் சொல்லியிருந்தார். ஸலாம் சொல்லி, உட்கார்ந்து, சர்பத் குடித்து முடிக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு அப்துல் கஃபாரின் கண் சுவரில் ஆணி மட்டும் தனியாக நின்ற இடத்தில் போய் நின்றது.

"டிவி எங்க?"

ஹீனா முந்திக்கொண்டாள். "எங்க வீட்ல டிவியே கெடையாது சாச்சா. தம்பிக்கு அதெல்லாம் புடிக்காது."

"ஒரு டிவிகூடவா இல்ல?"

"இல்ல."

அவர் முகம் சட்டென்று வாடியது. சோதிக்கிறார் என்று புரிந்துகொண்டான் தௌசீப். மடியில் கை வைத்து, கண்ணைத் தாழ்த்தி, பிறந்ததிலிருந்து திரை என்ற ஒன்றையே பார்க்காதவன் மாதிரி உட்கார்ந்தான்.

"பக்கத்து வீட்லயாவது இருக்குமா?" என்றார் அவர்.

"இந்தத் தெருவுலயே இல்ல சாச்சா" என்றாள் ஹீனா. ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க ஒரு தெருவையே தூக்கி வைத்துவிட்டாள்.

தெரு அந்தப் பழியைத் தாங்கவில்லை. பக்கத்துச் சுவரைத் தாண்டி ஒரு குரல் கணீரென்று வந்தது. "வணக்கம்! நான் உங்கள் காசிநாதன்!"

தடுக்கப் போனவனைத் துரைசாமி கேமரா முன்னால் உட்கார வைத்துவிட்டார். படத்துக்கு முன்பாக நேரடிப் பேட்டி. தௌசீபுக்கு முதுகில் வேர்த்து ஜிப்பா ஒட்டிக்கொண்டது.

ஹீனா சமையலறைக்கு ஓடி மிக்ஸியைப் போட்டாள். உள்ளே என்ன போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. மிக்ஸி அலறியது. அப்துல் கஃபார் காதைச் சுவர்ப் பக்கம் சாய்த்தார்.

"அம்மா, கொஞ்சம் மிக்ஸிய நிறுத்துங்க!"

"சட்னி சாச்சா!"

"பிரியாணிக்கு எதுக்கும்மா சட்னி? நிறுத்துங்க!"

மிக்ஸி நின்றது. அந்த அமைதியில் காசிநாதன் உருக்கமாகச் சொன்னான். "இந்தப் படத்துல என்கூட நடிச்ச என் உயிர் நண்பன் தௌசீப் அகமது இன்னிக்கு ஸ்டுடியோவுக்கு வர முடியல. வீட்ல கல்யாணத் தேதி குறிக்கிறாங்க. எல்லாரும் துவா செய்ங்க. நேயர்களே, இதோ உங்களுக்காக!"

தௌசீப் தரையைப் பார்த்தான். தரை வழி விடுவதாக இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு சுந்தரி அக்கா வந்தாள். முன்னால் அவளும் பின்னால் அவள் புருஷனும் டிவியைத் தூக்கி வந்தார்கள். "நல்லாருக்கே ஞாயம்! உங்க வூட்டுப் புள்ள நடிச்ச படம், நான் மட்டும் பாத்துனு கெடந்தா ஆவுமா? சம்மந்திங்களும் பாக்க வேணாமா? டேய் தௌசீப், தள்ளு!"

அவள் கையோடு ஆணியில் மாட்டி, ஒயரைச் சொருகி, சத்தத்தையும் கூட்டிவிட்டாள். நல்லது செய்கிறவர்களைத் தடுக்க இந்த உலகத்தில் வழியே கிடையாது.

திரையில் பாலாறு தகதகத்தது. ராணுவ உடையில், முகத்தில் கரி பூசிக்கொண்டு தௌசீப் மணலில் உருண்டு வந்தான். எதிரே சர்வாதிகாரியின் காவலாளி. தௌசீப் துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி அடித்தான். அடி வாங்கியவர் உண்மையில் ஃபேக்டரி வாட்ச்மேன். அடியும் உண்மையாகவே பட்டுவிட்டது. உடனே கூலிப்படை வீரன் துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு மண்டி போட்டு, "ஐயோ பாய், பட்டுடுச்சா? எங்க, காட்டுங்க" என்று எதிரியின் நெற்றியைத் தேய்த்துவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவருக்குக் குடிக்கக் கொடுத்தான். மறுபடி எடுக்க வழியில்லாமல் கௌதம் அதை அப்படியே படத்தில் வைத்துவிட்டான்.

அப்துல் கஃபார் எழுந்து நின்றார்.

தௌசீப் இரண்டே எட்டில் போய் டிவிக்கு முன்னால் நின்றான். இனி மறைக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் கையை அகல விரித்துக்கொண்டான்.

"சாச்சா, அது நான்தான். உங்ககிட்ட மறைச்சது தப்பு. ஆபா சொன்ன பொய்யும் எனக்காகச் சொன்னதுதான், அவளத் தப்பா நினைச்சுக்காதீங்க. ஆனா முபஷ்ஷிராவை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. இந்த ஒரு படத்துக்காக வேணாம்னு சொல்லிடாதீங்க. இத யாருமே பாக்கல சாச்சா, சத்தியமா ஒருத்தரும் பாக்கல!"

ஹீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுந்தரி அக்காவுக்கு அப்போதுதான் தான் என்ன தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று லேசாகப் புரிந்தது. புருஷனைப் பார்த்தாள். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்துல் கஃபார் ஜிப்பாப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "பேட்டா, கொஞ்சம் நகரு. மறைக்கிற."

தௌசீபுக்குப் புரியவில்லை. அப்படியே நின்றான்.

அதுவரை வாயே திறக்காத முனவ்வர் பேகம், மடியிலிருந்த மிட்டாய்ப் பெட்டியைப் பிரித்து ஹீனாவின் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"பெரிய பொண்ண நல்லா கை ஓங்கத் தெரிஞ்சவனாப் பாத்துக் குடுத்துட்டோம் பேட்டா, அவ இப்ப எங்க வீட்லதான் இருக்கா, சின்னவளுக்கு நாங்க உன்னக் கேட்டு ஆள் அனுப்புனதே, இந்தப் படத்துல அடி வாங்குனவருக்கு நீ தண்ணி குடுத்தத செல்லுல பாத்துட்டுதான்."