கைராசியால் ஓடும் பெட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், அங்கும் அப்படியே என்று தொடங்குவதுதான் முறை. சரிபார்க்காத எதையும் எழுதிப் பழக்கமில்லை என்பதால், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் நீ நலமா என்று கேள்வியாகவே வைக்கிறேன். என் நலமும் ஐயத்துக்குரியதே.

"கால் ஊன்றி நடக்கிற வரைக்கும் கூட வந்து இருடா" என்று போனில் சொன்னாய். அத்தான் போன பிறகு நீ என்னிடம் முதன்முதலாகக் கேட்ட உதவி. வர முடியாது அக்கா. பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டி ஒன்று, நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அணைந்துவிடுகிறது.

ஓய்வு பெற்றவனைக் கம்பெனி திரும்பக் கூப்பிட்டதே இதற்காகத்தான், பெட்டிக்குள் இருந்த சில்லை, அதாவது சிப்பை, மாற்றிவிட்டுப் பழைய மென்பொருளை அப்படியே புதியதில் ஏற்றியிருக்கிறார்கள், அன்றிலிருந்து மூடி சரியாகப் பூட்டியிருக்கும்போதே 'திறந்திருக்கிறது' என்று சொல்லிப் பெட்டி சூட்டை நிறுத்திக்கொள்கிறது, நான் போய் அதன் இரும்புச் சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தேன், சமர்த்தாக ஓடியது, டீ குடிக்கப் போனேன், நின்றது, வந்து கை வைத்தேன், மறுபடி ஓடியது, மேலாளர் பார்த்துவிட்டு, "சார், எல்லாம் உங்க கைராசி, தொட்டது துலங்குது" என்றார், பக்கத்து மேஜைப் பெண், "பாத்ரூம் போறதுன்னா சொல்லிட்டுப் போங்க சார், ரீடிங் பாதில நின்னுடுது" என்கிறாள், வீட்டில் சொன்னால் உன் தம்பி பெண்டாட்டி, "நம்ம மிக்ஸியைப் பிரிச்சுப் போட்டதும் இதே கைதானே" என்கிறாள்.

உன்னிடம் மறைப்பானேன், உள்ளூர ஒரு சந்தோஷமும் இருக்கு. வேலை பார்த்த காலமெல்லாம் நான் லீவு போட்டது ஒருத்தருக்கும் தெரிஞ்சதில்லை. இப்ப பாத்ரூம் போனாக்கூடத் தெரியுது.

நேற்று மேலாளர், "ஆஸ்பத்திரிக்கு அனுப்புறப்ப உங்களையும் சேர்த்து பேக் பண்ணிடலாம் சார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பெட்டிக்குள் ஒரு குழந்தை படுத்திருப்பது போலத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

ஆகவே துணைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள். பாசம் இல்லாமல் இல்லை. கை இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது. நீ சீக்கிரம் எழுந்து நடமாட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி.

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்காமல் சட்டைப்பையில் வைத்தபடி வேலைக்குப் போனேன். துடைக்க வந்த அம்மாள் சட்டத்தில் கை வைத்தார். பெட்டி ஓடியது. கைராசி எல்லாம் ஒன்றுமில்லை அக்கா, யார் கையானாலும் போதும்.

சில்லைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்கால் ஒவ்வொன்றுக்கும் நாம் வேலை சொல்ல வேண்டும். கேட்பதா, பேசுவதா, சேதி எதுவும் வராதபோது எந்தப் பக்கம் நிற்பது என்று. அந்தக் கடைசி ஏற்பாடு பழைய சில்லில் தானாகவே இருந்தது. புதியதற்கு யாரும் சொல்லவில்லை. மூடியைக் கவனிக்கிற கால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற கைக்குத் தக்கபடி ஆடியிருக்கிறது. மென்பொருளில் ஒரே ஒரு வரி சேர்த்தால் தீரும். சேர்ப்பதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு சேர்த்தேன்.

மேலாளர் கையைப் பிடித்துக் குலுக்கி, "இனிமே நீங்க வந்து சிரமப்பட வேணாம் சார்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உன் வீட்டுச் சின்ன அறையை எனக்காக ஒழித்து வைக்கச் சொல். மிக்ஸியைத் தொட மாட்டேன்.