பதினேழாம் நம்பர் காது

மரியாதைக்குரிய நாத்தனார் அக்கா அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொண்டது. இங்கு நான், மகன், பேத்தி, என் இரண்டு காதுகள் எல்லோரும் நலம். அங்கே உங்கள் நலமும் உங்கள் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

முப்பத்தொன்பது வருஷமாகப் பேசாதவளுக்கு இப்போது என்ன கடிதம் என்பீர்கள். விஷயம் இருக்கிறது. போன வாரம் பேத்தி ஓடி வந்து, "பாட்டி, சின்னதுல எனக்குத் தாலாட்டுப் பாடுவீங்களே, அது தாலாட்டே இல்ல, ராக் பாட்டு! அது வந்த ஆல்பம்தான் அந்த பேண்டு போட்டதுலயே அதிகமா வித்ததாம், கோடிக்கணக்குல!" என்று குதித்தாள். "அதுல பாதி உன் பாட்டி காது வழியாத்தான்டி போச்சு" என்றேன். நம்பவில்லை. நீங்கள்தானே சாட்சி? ரிக்கார்டு ஃபேக்டரியின் சோதனை அறையில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நீங்கள்தானே? ஐம்பது ரிக்கார்டுக்கு ஒன்று எடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தைப் பதினேழாம் நம்பராகிய நான் கேட்பேன், இரண்டாம் பக்கத்தைப் பதினெட்டாம் நம்பராகிய நீங்கள் கேட்பீர்கள். ஒன்றரை வருஷம் அதே ஆல்பம். அட்டையில் எண்ணெய் காணாத நாலு தலை. பாட்டையா கேட்டோம்? கீறல் இருக்கிறதா, 'டக்' என்று தட்டுகிறதா, அதைத்தான் கேட்டோம். ஆனாலும் யார் பக்கம் உசத்தி என்று டீ ஆறும்வரை சண்டை. "உன் பக்கம் வெறும் கூச்சல்டி!" "உங்க பக்கம் தூங்குமூஞ்சி அக்கா!" அது ஒரு காலம்.

பிறகு கடைக்குப் போன ஒரு ரிக்கார்டுப் பெட்டி திரும்பி வந்தது. எல்லா ரிக்கார்டிலும் ஒரு 'டக்'. மேற்பார்வையாளர் "யாரு பக்கம்?" என்று கத்தினார். போட்டுப் பார்க்க அந்த மனுஷனுக்குப் பொறுமை ஏது? "என் காது தப்பாது சார், பதினெட்டாத்தான் இருக்கும்" என்றேன். உங்களை பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று நீங்கள் மூடிய வாய். உங்கள் தம்பி போனபோதுகூட வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தீர்கள், ஒரு வார்த்தை இல்லை.

இப்போது கேளுங்கள். பேத்தி ஒரு பழைய கடையில் அந்த ஆல்பத்தைத் தேடிப்பிடித்து வாங்கி வந்தாள். உறைக்குள் நம் சோதனைச் சீட்டு! பதினேழு, பதினெட்டு, தேதி அந்தப் பெட்டியின் தேதியேதான். "காதுமிஷினை மாட்டிக்கோங்க பாட்டி" என்றாள். "பதினேழாம் நம்பருக்கா மிஷினு? போடுடி ரிக்கார்டை" என்றேன். படித்தது ஐந்தாவதுதான், ஆனால் காதுக்குப் பட்டம் கொடுத்தால் நான் டாக்டர். முழுப் பக்கமும் கேட்டேன். கீறல் இல்லை, டக் இல்லை, கடைந்தெடுத்த வெண்ணெய். மூன்றாம் பாட்டில் பேத்தி ஏனோ விழுந்து விழுந்து சிரித்தாள். சந்தோஷம், வேறென்ன.

ஆகவே அக்கா, அன்று நான் சொன்னது சத்தியம் என்று ருசுவாகிவிட்டது. இரண்டாம் பக்கத்தை நான் தொடவில்லை, அடுத்தவர் பக்கத்தைத் தொடக் கூடாது என்பது ஃபேக்டரிச் சட்டம். நீங்களே நேரில் வந்து கேட்டு ஒப்புக்கொண்டால், பெரிய மனசு பண்ணி மன்னிக்கச் சித்தமாக இருக்கிறேன்.

வயதுக்கு என் வணக்கம், முழங்காலுக்குச் சீக்கிரம் சுகம், பேத்தியின் முத்தம் இரண்டு.

இப்படிக்கு,
பதினேழு

பி.கு.: கடித உறையை ஒட்டப் போனேன். பேத்தி விடவில்லை. மிஷினை என் காதில் சொருகி மூன்றாம் பாட்டை மறுபடி வைத்தாள். டக். "தாலாட்டுல இதே எடத்துல நாக்கால ஒரு டக்கு போடுவீங்களே பாட்டி, அதுவும் பாட்டுன்னுல்ல நெனச்சேன்!" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன், அக்கா. சட்டத்தை மீறி இரண்டாம் பக்கத்தையும் திருப்பிப் போட்டேன். உங்கள் பக்கத்தில் ஒரு தூசு இல்லை. தூங்குமூஞ்சியும் இல்லை, கேட்கக் கேட்கக் கண் நிறைகிறது. மேலே உள்ளதையெல்லாம் அடித்து எழுதக் கை ஓடவில்லை. கிளம்பி வாங்க அக்கா. வந்து என்னை பேக்கிங்குக்கு அனுப்புங்க.