ஞாயிற்றுக்கிழமைப் பால்

தம்பி கணேஷ்ராமுக்கு, காந்திமதியம்மை உன் வீட்டாரை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்க வேண்டிக்கொண்டு, தச்சநல்லூரிலிருந்து அக்கா பிரம்மநாயகி எழுதுவது.

ஞாயிறுதோறும் எங்கள் பூஜையில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், என் மகள் சித்ரலேகா, மாடியில் குடியிருக்கும் நேசையா சார், சர்ச்சுக்குப் போகுமுன் எட்டிப்பார்க்கும் அவர் சம்சாரம், பாத்திரம் தேய்க்கும் இசக்கியம்மாள். ஆக ஆறு பேர், பிள்ளையார் நீங்கலாக. இந்தக் கணக்கு பிறகு வேண்டியிருக்கும்.

சித்ராவுக்கு நரம்பின் மேலுறை தேயும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்து, உன் ஊர் பெங்களூரில் பார்க்கும் வேலைக்கு லீவு போட்டு இங்கே இருப்பது உனக்குத் தெரியும். ரத்தத்தில் வைட்டமின் டி பன்னிரண்டுதான், வாரம் ஒரு பொட்டலம் பொடியைப் பாலில் கலந்து கொடுங்கள் என்றார் டாக்டரம்மா. முப்பதைத் தாண்டினால்தான் ரயிலேறலாம் என்பது நான் போட்ட சட்டம். வெயிலில் கிடைக்கிற சத்தாமே, அதனால் சூரியனுக்கு உகந்த ஞாயிறாகப் பார்த்து, ஒரு செம்புப் பாலில் கலந்து, சாமிக்கு வைத்துவிட்டே கொடுத்தேன். ரெண்டு மாசம் கழித்துப் பார்த்தால் பதினாலு. பொடியே சரியில்லை, நேரே சூரியனிடமே வாங்கிக்கொள்வோம் என்று பதினொரு மணிக்கு அவளை மொட்டைமாடியில் உட்கார்த்தி வைத்தேனா, கொஞ்ச நேரத்தில் கால் துவண்டு, "யம்மா, நேசையா சார் ரெண்டு பேரா தெரியுதாவ" என்கிறாள். "அப்ப ரெண்டு பேரும் ஆளுக்கொரு தோளப் பிடிங்கவே" என்கிறார் உன் அத்தான். கீழே கொண்டுவந்து ஈரத்துண்டு போட்டு, அரைமணியில் கண் தெளிந்து அவள் சிரிக்கிறாள், நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு அழுகிறேன்.

"சூடு இந்த நோய்க்கு ஆகாதும்மா, உடம்பு குளிர்ந்தா சரியாயிரும். பொடி குறைச்சலத்தான் நிரப்பும், நோய்க்கு ஊசிதான் மருந்து. ஆமா, பால எப்படிக் குடுக்கீங்க?"

"சாமிக்கு வச்சிட்டு, பிரசாதமா ஆளுக்கொரு டம்ளர்."

"அப்ப அவளுக்கு எவ்வளவு போச்சுன்னு நீங்களே கணக்குப் போடுங்கம்மா" என்றார் டாக்டரம்மா. பொட்டலத்தில் அறுபதாயிரம் யூனிட். ஆறால் வகுத்தேன், தலைக்குப் பத்தாயிரம். பிரசாதத்தை ஒருத்திக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது, நீயே சொல்லு. "அதான் அண்ணாச்சி, இப்பல்லாம் மூச்சு வாங்காம மாடி ஏறுதேன்" என்றார் நேசையா சார். "அப்ப அடுத்த வாரம் பால் கிடையாதாக்கா?" என்றாள் இசக்கியம்மாள்.

ஆகவே தம்பி, முப்பது ஏறுகிறவரை அவள் இங்கேயே இருக்கட்டும் என்று நீ ஒரு வார்த்தை சொல்லு. உன் பேச்சைக் கேட்பாள். அங்கே ஹாஸ்டலில் தனியே கால் துவண்டால் யார் தோளைப் பிடிப்பார்கள்? எனக்கு உறக்கமே வரவில்லை. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

பி.கு.: உறையில் போடுமுன் இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்து முடித்துவிட்டு, "எனக்கு எழுதுன மருந்த வீடே குடிச்சிட்டு, ஏறலன்னு என்னப் பூட்டி வச்சா நியாயமாம்மா?" என்றாள். உறையை ஒட்டாமல் இந்தப் பி.கு.வை எழுத உட்கார்ந்தேன். உன் அத்தான் டிக்கெட்டே எடுத்துவிட்டாராம். வெள்ளிக்கிழமை ரயிலேறி, ஹாஸ்டலுக்குப் பதில் உன் வீட்டுக்கே வருகிறாள். டாக்டரம்மா புதிதாக எழுதிய பொட்டலங்கள் பையில் இருக்கும். ஞாயிறு காலையில் ஒன்று, முழுசாக அவளுக்கே. சாமிக்கு வைப்பதானால் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு வை. உன் வீட்டில் மேற்கு வெயில் விழாத அறை எது? சீக்கிரம் பதில் எழுது.