காருக்கு வந்த அம்மை

பிள்ளைகளே, இந்தச் சேலம் ஜில்லாவில் கார் வாங்கியவர்கள் உண்டு. காருக்கு வேப்பிலை கட்டியவர் 'அம்மைக்கார் ஐயா' ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை.

அவர் பரமத்தி வேலூரில் வெற்றிலைத் தோட்டக்காரர். நான் சேலத்தில் கார் விற்கும் கடையில் குமாஸ்தா. எங்களிடம் அவர் வாங்கிப்போன கறுப்புக் காரின் வர்ணம் இரண்டே மாதத்தில் பொரிப்பொரியாகக் கொப்புளித்தது. வெயிலில் நிறுத்தினால் புதிதாக நாலு கொப்புளம் கிளம்பும்.

"காருக்கு ஆத்தா வந்திருக்குதுங்க" என்று ஊரே தீர்மானித்தது. அவர் வீட்டுப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, காரின் முன்விளக்கு இரண்டிலும் வேப்பிலை செருகினார்கள். அதில் ஏற ஒருத்தரும் வரவில்லை. பெற்ற மகளே மாட்டு வண்டியில் போனாள்.

ஐயா மட்டும் நம்பவில்லை. "ஆத்தாளுக்கு வேற வேலை இல்லீங்களா? கம்பெனிக்காரன் பூசுன பூச்சு சரியில்லீங்க. அவனே பூசித் தரோணும்."

செவ்வாய்க்கிழமைதோறும் வேப்பிலையோடு காரைக் கொண்டுவந்து எங்கள் கடை வாசலில் நிறுத்துவார். கார் வாங்க வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே திரும்பிப் போவார்கள்.

முதலாளிக்கு வியர்த்தது. "கம்பெனிக்கு எழுதித் தொலை. காரை எப்படிக் கழுவினாங்கன்னு கேளு."

கேட்டேன். ஐயா ஒளிக்கவில்லை. "மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க சாமி. ஆனா கொப்புளம் வந்ததுக்கப்புறந்தான் ஊத்துனாங்க."

முதலாளி என்னைத் தனியே இழுத்தார். "முன்பாதியை மட்டும் எழுது. பூச்சு மேல குறை சொன்னா ஏஜென்சியைப் பிடுங்கிடுவான்."

எழுதினேன். உங்கள் அப்பன் தன் கையால்தான் எழுதினான்.

மஞ்சள் நீரால் கெட்டது, கம்பெனி பொறுப்பல்ல என்று இங்கிலீஷில் பதில் வந்தது. ஐயா அதை என்னையே படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தம்பி எழுதுனா சரியாத்தான் எழுதியிருக்கும். எங்க ஊட்டுப் பொம்பளைங்கதான் கெடுத்துப் போட்டாங்களாட்ட இருக்குது." வேப்பிலையைத் தானே உருவிப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த செவ்வாய் வரவில்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலாளிக்குத் தெரியாமல் கம்பெனிக்கு முழு உண்மையையும் எழுதினேன். தண்ணீரே படாத கதவின் உள்பக்கமும் கொப்புளித்திருப்பதைச் சேர்த்தேன். மதராஸிலிருந்து கம்பெனி ஆள் ஒருவர் வந்தார், நகத்தால் சுரண்டினார், பூச்சுதான் கோளாறு என்று தலையாட்டினார். காரைக் கொண்டுபோய்ப் புதிதாய்ப் பூசித் தந்தார்கள். அந்த வாரமே முதலாளி என்னை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பினார்.

காரை எடுத்துப்போக ஐயா சிரித்த முகத்தோடு கடைக்கு வந்தபோது, நடுத்தெருவில் நின்று சொன்னேன்: "மொதல் கடிதாசியில பாதியை மறைச்சது நான்தானுங்க."

அவர் சிரிப்பு நின்றது.

"அப்போ ஊட்டுப் பொம்பளைங்ககிட்ட நான் மூஞ்சியத் தூக்கி வெச்சதும் தப்புத்தானுங்களே சாமி" என்றார். முன்கதவைத் திறந்தார். "ஏறுங்க. நம்மூட்டுல சோறு உண்டுட்டுப் போலாம்."

வழி முழுக்க வெற்றிலைக் கொடியைப் பற்றியே பேசினார். நான் ஒரு வார்த்தை பதில் சொல்ல வேண்டியிராதபடி, மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே வந்தார்.