காவக்காரர் தோளில் எந்தத் துப்பாக்கி?

"ஐயா, கை ரெடி. என்ன துப்பாக்கின்னு சொல்லிட்டீங்கன்னா கம்பி கட்டி சிமென்ட் பூசிடுவேன்" என்றான் சிலை வேலைக்கு வந்த ரஞ்சித்.

சாரங்கபாணி இந்தக் கேள்விக்காகப் பாதி ஆயுளைக் காத்துக் கழித்தவர். கேள்வி வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

கீழ்வேளூருக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரை ஐயனாருக்குத் துணையாக நிற்கிற சிலைக்குக் காவக்காரர் என்று பெயர். கஜா புயலில் மரம் விழுந்து, அவருடைய வலது கையும் தோளில் இருந்ததும் தூளாகிவிட்டன. இப்போதுதான் ஊர் கூடிக் கோயிலைப் புதுப்பிக்கிறது. வெள்ளிக்கிழமை கும்பாபிஷேகம். "பட்டாளத்துல இருந்தவரு நீங்கதான். துப்பாக்கி உங்க பொறுப்பு" என்று ஊரார் சொன்னபோது, ஓய்வுபெற்ற ஹவில்தாரின் கண் கலங்கியே போனது.

கலங்காதா பின்னே? சின்ன வயதில் மாடு குளிப்பாட்ட வரும்போதெல்லாம் அவர் அண்ணாந்து பார்த்தது இந்தக் காவக்காரரைத்தான். தலைப்பாகை, காக்கி அரைக்கால் சட்டை, தோளில் சாய்த்த துப்பாக்கி. ஒரு முனை கைக்குள் இருக்கும். தோளுக்குப் பின்னால் போன மறுமுனை, அவர் பிறப்பதற்கு முன்பே முறிந்துபோனது. முறிந்தால் என்ன, அந்த நிற்பு ஒன்று போதாதா? அதைப் பார்த்துத்தான் பட்டாள ஆசை வந்தது. திருச்சிக்கு ஆள் எடுப்புக்குப் போன காலையில், "நல்லபடியா திரும்பி வந்தா, உன் துப்பாக்கிய முழுசாக்கித் தரேன்" என்று வேண்டிக்கொண்டார். நல்லபடியாகத்தான் வந்தார். வேண்டுதல்தான் இன்று நாளை என்று இழுத்துக்கொண்டே போனது. இந்தத் தடவையும் விட்டால், சாமியின் முகத்தில் எப்படி விழிப்பது?

"எஸ்.எல்.ஆர்." என்றார் சாரங்கபாணி. "ஏழு புள்ளி ஆறு ரெண்டு எம்.எம். சுட்டா மலையே திரும்பிப் பேசும்."

சொல்லும்போதே வலது தோள் இனித்தது. அந்தத் துப்பாக்கி உதைத்து உதைத்துக் கன்றிப்போன இடத்துக்கு, கல்யாணமான புதிதில் நாகம்மாள் உப்பு ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். அதற்காகவே அடுத்த லீவுக்குள் இன்னும் கொஞ்சம் கன்றட்டும் என்று ஆசைப்பட்ட காலம் அது.

ரஞ்சித் செல்போனில் படம் பார்த்து, நீளமாக, கனமாகச் செய்துவிட்டான். மதியத்துக்குள் காவக்காரர் குப்புறச் சாய ஆரம்பித்தார்.

"வெயிட்டு தாங்கல ஐயா. ஒரு சின்னத் துப்பாக்கி கிடையாதா?"

கிடையாதா என்ன! பணியின் பிற்பாதி முழுக்கத் தோளில் கிடந்த இன்சாஸ் இருக்கிறதே. ஐந்து புள்ளி ஐந்து ஆறு எம்.எம். குண்டும் சின்னது, கனமும் குறைவு. மகள் வானதி பிறந்த சேதி போனில் வந்த அன்று, ராஜஸ்தான் மணலில் அதைக் கட்டிக்கொண்டுதான் அழுதார்.

ஆனால் எஸ்.எல்.ஆரைக் கைவிடவும் மனம் வரவில்லை. நாகப்பட்டினத்திலிருந்த காயாரோகணத்துக்குப் போன் போட்டார். ஒரே ரெஜிமென்ட், இவருக்கு ஜூனியர். அவர் யோசனை சொல்வதற்குப் பதில் பைக்கில் வந்தே இறங்கிவிட்டார்.

"அண்ணே, இதுல யோசிக்க என்ன இருக்கு? இன்சாஸ்தான். உங்க எஸ்.எல்.ஆர். உலக்கை."

"உலக்கையா? உன் இன்சாஸ் விளையாட்டுச் சாமான்டா! குளிருல நீ அதோட மல்லுக்கட்டுனத நான் பாக்கல?"

"ரெண்டுமே ஒரு தடவை இழுத்தா ஒரு குண்டு, அடுத்தது தானா ஏறிக்கும். அப்புறம் எதுக்கு அண்ணே அத்தன கனத்தத் தூக்கணும்?"

இரண்டு பேரும் வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்து, பேச்சு சண்டையாகி, சண்டை பட்டாளச் சமையற்கட்டு லங்கர் ரொட்டியாகி, ரொட்டி செத்துப்போன சிநேகிதர்களாகி, கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார்கள். இன்சாஸ் என்று முடிவானது.

எஸ்.எல்.ஆரை உடைத்தபோது முழங்கையும் கூடவே வந்துவிட்டது. ரஞ்சித் முணுமுணுத்தபடி புதுக் கை வைத்தான். இன்சாஸின் வளைந்த குண்டுப்பெட்டியை அவன் கொஞ்சம் தாராளமாக வளைத்துவிட, நாற்று நட்டுவிட்டுத் திரும்பிய பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"சாமி ஏன் வாழைச்சீப்பைத் தூக்கிட்டு நிக்குது?"

சாரங்கபாணி அன்று சாப்பிடவில்லை.

"ஏங்க, ரெண்டு தோள் இருக்குல்ல? தோளுக்கொண்ணா வச்சுட்டு வந்து சோத்தைத் தின்னுங்க" என்றாள் நாகம்மாள்.

அவருக்கு அது தெய்வவாக்காகப் பட்டது. வலது தோளில் எஸ்.எல்.ஆர்., இடது தோளில் இன்சாஸ். இப்போது காவக்காரர் ரயிலடியில் இரண்டு பேருடைய சாமானைச் சுமக்கிற போர்ட்டர்போல நின்றார். அதோடு மல்லாக்கச் சாயவும் ஆரம்பித்தார்.

"கால்ல கனம் ஏத்துனாத்தான் நிப்பாரு" என்றான் ரஞ்சித்.

"ஏத்து. பூட்ஸ் போடு! பட்டாளத்துக்காரன் வெறுங்காலோடயா நிப்பான்? நானே கேக்கணும்னு இருந்தேன்."

"ஐயா, எனக்கும் ஒரு சந்தேகம். காவலுக்கு நிக்கிறவரு ரோட்டைப் பாக்காம ஏன் மதகையே பாத்துட்டு நிக்கிறாரு?"

"சென்ட்ரின்னா நிறுத்துன திசையத்தான் பாப்பான். கேள்வி கேக்க மாட்டான். நீயும் கேக்காத."

யானைக்கால் கனத்தில் பூட்ஸ் வந்தது. அப்படியும் நம்பிக்கை இல்லாமல் முதுகுக்கு ஒரு சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்தார்கள். பச்சை வண்ணம் பூசி முடித்தபோது கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆகிவிட்டது. மதகில் தண்ணீர் சலசலத்தது. சாரங்கபாணி தள்ளி நின்று பார்த்தார். அழகு என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் வாழ்க்கையின் இரண்டு பாதிகளும் அந்த இரண்டு தோள்களில் ஏறி நின்றதைப் பார்த்து நெஞ்சு நிறைந்துபோனது. குதிகாலைச் சேர்த்து ஒரு சல்யூட் வைத்தார். காயாரோகணமும் வைத்தார்.

அப்போதுதான் கூத்தாநல்லூரிலிருந்து கார் வந்து நின்றது. மகள் வீட்டோடு போய்விட்ட தங்கம்மாள், ஊரிலேயே மூத்தவர், கும்பாபிஷேகத்துக்காக மாலையோடு இறங்கினார். காவக்காரரை முன்னால் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், பூட்ஸைத் தொட்டுப் பார்த்தார். மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாதவர்போல நின்றார்.

"பெரியம்மா, வேண்டுதல முடிச்சிட்டேன்" என்றார் சாரங்கபாணி. "நான் பட்டாளத்துல சேர்ந்ததே இவரு தோள்ல இருந்த துப்பாக்கியப் பாத்துத்தான்."

தங்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடப்பாவி, வெள்ளத்துல மதகைக் காப்பாத்தப் போயி செத்த என் மாமனாருடா இவரு! மம்புட்டியில தகடு உடைஞ்சு காம்பு மட்டும் தோள்ல நின்னுச்சு, அதப் பாத்தா நீ பட்டாளத்துக்கு ஓடுன?"